ஒரே இழையில் இரண்டு இணைப்பு

எமிலி வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வால்பாறை மார்க்கெட்டில் அதுதான் நடைமுறை. கேரட்டை உடைத்துப் பார்க்கிறவர், தக்காளியை அமுக்கிப் பார்க்கிறவர், நேற்று வாங்கியது அழுகல் என்று இன்று சண்டைக்கு வருகிறவர் எல்லோருக்கும் அவள் தனித்தனியாக வார்த்தைகள் வைத்திருந்தாள். அவளிடம் திட்டு வாங்காவிட்டால் பொழுது விடிந்த மாதிரி இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிற வாடிக்கையாளர்களும் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முட்டைக்கோஸ் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அந்த வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

பக்கவாதம். வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு முழுக்கப் போயிற்று. காது கேட்கும், மற்றவர் சொல்வது புரியும். தான் நினைப்பது மட்டும் வாய்க்கு வந்து சேராது. எழுதவும் வராது. ஆமாம், இல்லை என்ற தலையாட்டல்கூடக் குழம்பிப்போயிற்று. காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்று ஆட்டுவாள், கொடுக்காமல் போனால் டம்ளரைத் தட்டிவிடுவாள். அவளுடைய கணவர் ஞானதுரை தேயிலைத் தொழிற்சாலையில் இலையைப் பக்குவம் பார்த்துத் தூளாக்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடக் குடித்தனத்தில் இவள் ஒரு நாளாவது வாயை மூட மாட்டாளா என்று அவர் கர்த்தரிடம் வேண்டாத ஞாயிறு இல்லை. இப்போது அந்த வேண்டுதலை நினைத்து நினைத்து அழுதார்.

மறுகுரல் அப்போது வந்துவிட்டிருந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்ன வில்லை அது. மூளை சொல்ல நினைப்பதை அது பிடித்துச் சென்னையில் இருக்கும் பெரிய கணினிக் கூடத்துக்கு அனுப்பும். அங்கே அதைச் சொற்களாக்கி, அந்த ஆளின் பழைய குரலிலேயே, கழுத்தில் தொங்கும் ஒலிபெருக்கிக்குத் திருப்பி அனுப்புவார்கள். நினைத்ததும் வார்த்தை வந்துவிட வேண்டும், தாமதமானால் மூளை தடுமாறிப்போகும். அதனால் கண்ணாடி இழை வழியாக வரும் இணைப்புதான் அதற்குச் சரிப்பட்டது. செயற்கைக்கோள் வழியாக முயன்றவர்கள் திக்கித் திக்கிப் பேசினார்கள், மேகம் கவிந்த நாளில் அதுவும் இல்லை.

வால்பாறைக்கு இழை இருந்தது. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த ஒரே இழை. அதைப் போட்டது மேற்குமலை நிறுவனம். காட்டு இலாகாவோடு மல்லுக்கட்டி, பாறையை உடைத்து, யானை மிதித்த இடத்தில் மறுபடி தோண்டிப் போட்டவர்கள் அவர்கள்தான், அதை இல்லை என்று சொல்ல முடியாது. போட்ட பிறகு வைத்த கட்டணம் அவர்கள் இஷ்டம். மறுகுரலுக்கு வேண்டிய வேகமான இணைப்பைத் தோட்டத் துரைமார் பங்களாக்களில்தான் எடுத்தார்கள். அங்கே எல்லோருக்கும் பேச்சு நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

இப்படியான ஊர்களுக்காகத்தான் இணைப்பு ஒழுங்கு வாரியம் புது விதி ஒன்றைக் கொண்டுவர நினைத்தது. இழையைப் போட்டவர் யாராக இருந்தாலும், வாரியம் சொல்லும் வாடகைக்கு மற்ற நிறுவனங்களுக்கும் அதில் இடம் தர வேண்டும். விதி சரியா என்று கேட்க வாரியம் ஊர் ஊராக விசாரணை நடத்தியது. வால்பாறைப் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் வந்தது. ஞானதுரை எமிலியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத மனிதர், மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இவ பேசணும் சார். திட்டுனாலும் பரவால்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மண்டபமே கைதட்டியது.

அந்தக் கைதட்டலில் சேராதவள் அவருடைய மகள் ஹெப்சி மட்டும்தான். அவள் கோயம்புத்தூரில் மேற்குமலை நிறுவனத்திலேயே, எந்த ஊருக்கு எந்த வழியாக இழை போடலாம் என்று திட்டமிடும் பிரிவில் வேலை பார்த்தாள். விசாரணைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் பிடித்துக்கொண்டாள்.

"ரோடு ஒருத்தன் போடுறான்ப்பா. பஸ் பத்துப் பேரு ஓட்டலாம்னு வாரியம் சொல்லுது. நல்லதுதான், டிக்கெட் குறையும். ஆனா ரெண்டாவது ரோடு வேணும்னா அத யாரு போடுவா? நாளைக்கே மத்தவனுக்கும் விடணும்னு தெரிஞ்சு எவன் காச கொட்டுவான்? அவன் போடட்டும்னு இவன் இருப்பான், இவன் போடட்டும்னு அவன் இருப்பான்."

"உங்க கம்பெனி இத்தன வருஷம் தனியாத்தான இருந்துச்சு. ரெண்டாவது ரோடு போட்டீங்களா?"

"நான் திட்டம் போட்டு வச்சிருக்கேன். சாலக்குடியில இருந்து மளுக்கப்பாறை வழியா. இந்தப் பக்கம் மண்ணு சரிஞ்சாலும் அந்தப் பக்கம் ஓடும்."

"போட்டீங்களான்னு கேட்டேன்."

வருடா வருடம் அந்தத் திட்டம் மேலே போய், அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற குறிப்போடு இறங்கி வந்தது ஹெப்சிக்குத்தானே தெரியும். புது விதி பற்றிய பேச்சு வந்ததும் மேலிடத்துக்கு நிம்மதியாகிவிட்டது. இனி அடுத்த வருடம் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை.

விதி வந்தது. வாடகைக்கு இடம் பிடித்துக்கொண்டு ஸ்வரா நிறுவனம் வந்தது, அதன் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு முழுக்கப் போட்டி போட்டு விளம்பரத் தட்டிகள் முளைத்தன. கட்டணம் மளமளவென்று இறங்கியது. எமிலியின் காதுக்குப் பின்னால் வில்லை ஒட்டப்பட்டது.

அவளும் இயந்திரமும் பழகிக்கொள்ளப் பல மாதங்கள் பிடித்தன. தினம் இரண்டு மணி நேரம் படங்களைக் காட்டுவார்கள், அவள் மனத்துக்குள் அவற்றின் பெயரைச் சொல்ல வேண்டும். பாதி நாள் பொறுமை இழந்து படத்தைப் பிடித்து எறிவாள். ஒரு நாள் ஞானதுரை அவளுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு தெளிவாக எமிலியின் குரல் வந்தது. "இந்தச் சட்டைய எத்தன நாளா போட்டுட்டுத் திரியுறீங்க. நாத்தம் தாங்கல."

ஞானதுரை இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சட்டையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் திட்டு கிடைத்தது. மார்க்கெட்டிலிருந்து ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுகுரலைப் பொருத்தியவர்கள் போகும்போது ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார்கள். மூளை ஒரே மாதிரி இருக்காது, தினம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருக்கும். இயந்திரமும் கூடவே மாறிக்கொண்டு வரும். இணைப்பு ஒரு நாள், இரண்டு நாள் விட்டுப்போனால் பாதகமில்லை. வாரக்கணக்கில் விட்டுப்போனால் இரண்டும் ஒன்றையொன்று மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து பழகலாம் என்றால், வயதாக ஆக மூளையிலிருந்து வரும் சமிக்ஞை மங்கிக்கொண்டே போகும், பழக எதுவும் மிச்சமிருக்காது. அதனால் மழைக்காலத்தில் பொள்ளாச்சியில் போய் இருங்கள் என்றார்கள். அங்கே நாலு பக்கமிருந்தும் இழைகள் வருகின்றன.

"பொள்ளாச்சிக்கு நான் எதுக்குப் போகணும்?" என்றாள் எமிலி. "அங்க யாரத் தெரியும் எனக்கு? யாரத் திட்டுறது?"

ஞானதுரையும் அவள் பக்கம்தான். முன்யோசனை உள்ள மனிதர் என்று தொழிற்சாலையில் பெயர் எடுத்தவர் அவர். மின்சாரம் போகும் என்று ஜெனரேட்டரும், ஜெனரேட்டர் மக்கர் செய்யும் என்று இன்னொரு ஜெனரேட்டரும் வைத்து ஓட்டிப் பழகியவர். ஸ்வராவின் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. அது போதாது என்று மேற்குமலையிடமும் ஒன்று எடுத்தார். சுவரில் இரண்டு பெட்டிகள், ஒன்றில் நீல விளக்கு, மற்றொன்றில் பச்சை விளக்கு. ஒன்று செத்தால் மற்றது தானாகப் பிடித்துக்கொள்ளும்படி ஆள் வைத்து இணைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். ஹெப்சியிடம் மட்டும் சொல்லவில்லை. உங்கள் கம்பெனிக்கும் காசு கட்டுகிறேன் என்று சொன்னால் அவள் கேலி செய்வாள் என்று நினைத்தார்.

அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை ஊரை முழுசாக நனைத்துவிட்டுத்தான் ஓய்வேன் என்று பெய்தது. ஆடி மாதம் ஒரு விடிகாலையில் ஒன்பதாவது வளைவுக்கு மேலே மலையின் ஒரு பக்கம் அப்படியே இறங்கிச் சாலையை எடுத்துக்கொண்டு போயிற்று. எமிலி காபி ஆறிப்போனதற்காகத் திட்டிக்கொண்டிருந்தாள். "இது காபியா, இல்ல வென்னித் தண்ணில" என்று சொல்லும்போது குரல் நின்றது. ஞானதுரை சுவரைப் பார்த்தார். நீல விளக்கும் அணைந்திருந்தது, பச்சை விளக்கும் அணைந்திருந்தது.

அவர் பதறவில்லை. ஏதோ ஒயர் கழன்றிருக்கும் என்று இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிப் பிடுங்கிச் செருகினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மேற்குமலை அலுவலகத்துக்கு நடந்தார். அங்கே பராமரிப்புப் பொறியாளர் ரஷீத் மழைக்கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். செல்போன் கோபுரங்களும் செத்துக் கிடந்ததால் ஊரே அவரைச் சூழ்ந்திருந்தது.

"என்கிட்ட ஸ்வராவும் இருக்கு, உங்களதும் இருக்கு" என்றார் ஞானதுரை. "ரெண்டுல ஒண்ணையாவது கொடுங்க தம்பி."

ரஷீத் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "சார், ஸ்வராவுக்குன்னு தனி லைன் கிடையாது. எங்க லைன்லதான் அவங்களும் ஓடுறாங்க. நாலு கம்பெனியும் ஒரே இழைதான். அந்த இழை இப்ப மண்ணுக்கடியில கெடக்கு."

"வேற வேற கம்பெனிதான?"

"கம்பெனி வேற சார்."

ஞானதுரை குடையை விரிக்காமலே நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். எமிலி நாற்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். ஏதோ கேட்கிறாள் என்று தெரிந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், "ரெண்டு நாள்ல வந்துரும்" என்றார்.

இரண்டு நாளில் வரவில்லை. மழை விட்டால்தான் மண்ணை அள்ள முடியும், மழை விடவில்லை. விட்டபோது வேறொரு மழை பிடித்துக்கொண்டது. மற்ற மூன்று பேரும் செலவில் பங்கு தரட்டும் என்றது மேற்குமலை. நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள், கூரை ஒழுகினால் வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும் என்றது ஸ்வரா. வாரியம் கொடுத்த வாடகையில் கூரை மாற்ற முடியாது என்று மேற்குமலை பதில் போட்டது. எல்லோர் பேச்சிலும் நியாயம் இருந்தது. இவ்வளவு நியாயம் பேசுகிற இடத்தில் மண்வெட்டியைத் தூக்க ஆளில்லாமல் போயிற்று.

இரண்டாவது வாரம் ஹெப்சி வந்து சேர்ந்தாள். ஆழியாறு வழி அடைத்திருந்ததால் கேரளாவுக்குள் போய், சாலக்குடியிலிருந்து மளுக்கப்பாறை வழியாகக் காட்டு இலாகா ஜீப்பில் தொற்றிக்கொண்டு, விழுந்து கிடந்த மரங்களை இரண்டு இடத்தில் ஏறிக் குதித்து நடந்து வந்திருந்தாள். கால் முழுக்க அட்டை கடித்த ரத்தம். தன்னுடைய இரண்டாவது இழையைக் காகிதத்தில் அவள் எந்த வழியாகக் கொண்டுவந்தாளோ அதே வழி.

"அம்மாவ இப்படியே கீழ கொண்டு போயிரலாமா?" என்று ஞானதுரை கேட்டார்.

"எப்படிப்பா? நானே தவழ்ந்து வந்திருக்கேன்."

சுவரில் இருந்த இரண்டு பெட்டிகளை அவள் அப்போதுதான் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான்காவது வாரம் இழையை ஒட்டினார்கள். விளக்குகள் இரண்டும் சேர்ந்து எரிந்தன. ஒலிபெருக்கி கரகரத்தது. எமிலியின் குரல் வந்தது. அதே குரல், கொஞ்சமும் மாற்றமில்லை.

"ரொம்ப நாளாச்சு இல்லங்க? நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?"

ஹெப்சி கையைத் தட்டிச் சிரித்தாள். ஞானதுரை சிரிக்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். எமிலி கழுத்தில் தொங்கிய ஒலிபெருக்கியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்குள் தெரியாத ஆள் நுழைந்துவிட்டதைப் போல.

அடுத்து வந்த நாட்களில் அந்தக் குரல் பேசாத பேச்சில்லை. மழை நின்றது எவ்வளவு நல்லது என்றது. காபி அருமை என்றது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வந்ததற்கு நன்றி என்றது. மார்க்கெட்டிலிருந்து வந்தவர்கள் எமிலிக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எமிலி அத்தனை நேரமும் இடது கையால் நாற்காலியின் கட்டையைப் பிடித்து அசைத்துக்கொண்டிருந்தாள்.

ஹெப்சி மறுகுரல் நிறுவனத்தோடு பேசிப் பார்த்தாள். எங்கள் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது, தங்கு தடையில்லாமல் பேசுகிறார், முன்னைவிடச் சரளம் என்றார்கள். அவள் போனை வைத்துவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"என்ன நடக்குதுன்னா, அம்மா மூளையில இருந்து வர்றது இப்ப அதுக்குப் புரியலப்பா. புரியலன்னா சும்மா இருக்கக்கூடாதுன்னு அத அப்படிச் செஞ்சிருக்காங்க. சாதாரணமா ஒரு அம்மா அந்த இடத்துல என்ன சொல்லுவாங்களோ அதச் சொல்லுது. லட்சம் பேரு பேசுனத வச்சு."

"தெரியும்" என்றார் ஞானதுரை.

"எப்படித் தெரியும்?"

"உங்கம்மா என்னைய சாப்டீங்களான்னு கேட்டதே இல்ல. கொட்டிக்கிட்டீங்களாம்பா."

ஹெப்சி வாயைப் பொத்திக்கொண்டாள். "கழட்டிரலாமா?"

"கூடவே இருந்தா திரும்பப் பழகுமா?"

"பழகலாம். நூத்துல ஒண்ணு."

"அப்ப இருக்கட்டும்."

நூற்றில் ஒன்றுக்காக மட்டும்தான் அவர் அப்படிச் சொன்னாரா என்றால் இல்லை. ஹெப்சி கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போன பிறகு, வீட்டில் அந்தக் குரல் மட்டும்தான் துணை. கல்யாணமான புதிதில்கூட எமிலி அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அந்தக் குரல் "களைச்சுப் போயிருக்கீங்க, கொஞ்சம் படுங்க" என்று சொல்லும்போது, அது யாரும் சொல்லாதது என்று தெரிந்தும், அவர் "சரி" என்று சொல்லிவிடுவார். சொன்ன பிறகு எமிலியைப் பார்க்க வெட்கமாக இருக்கும். அவள் பார்வையை அவர் தவிர்க்கத் தொடங்கியிருந்தார்.

ஐப்பசியில் வாரியம் மறுபடி வால்பாறைக்கு வந்தது. இரண்டாவது வழியில் இழை போட வேண்டுமா என்பதுதான் விசாரணை. போடுகிறவர்களுக்குப் பத்து வருடம் யாருக்கும் இடம் தர வேண்டியதில்லை என்று விலக்குத் தந்தால் இரண்டு நிறுவனங்கள் போடத் தயாராக இருந்தன. விலக்குத் தந்தால் பழைய கட்டணம் திரும்பி வரும், ஏழைக்கு மறுபடி இல்லை என்று ஸ்வரா எதிர்த்தது. விதியில் ஒரு வாசல் இருந்தது. இணைப்பு அறுந்ததால் ஒரு மனிதருக்காவது திரும்பப் பெற முடியாத பாதிப்பு நடந்திருந்தால் விலக்குத் தரலாம்.

"அந்த ஒரு ஆளு அம்மாதான்ப்பா" என்றாள் ஹெப்சி. அவள் இப்போது மேற்குமலையில் இல்லை, வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். "வேற யாரும் இல்ல. கீழ் எஸ்டேட்ல ரெண்டு பேரு மழைக்கப்புறம் வில்லை வச்சிருக்காங்க. ஒண்ணு சின்னப் பொண்ணு. அடுத்த மழைக்கு அவங்களுக்கும் இதேதான். நீங்க சொல்லணும்."

"சொல்றேன்" என்றார் ஞானதுரை. "போன தடவ கேட்டாங்கல்ல, இப்பவும் கேப்பாங்க."

வாரிய உறுப்பினர் மைதிலி நல்ல பெண்மணி. அவசரப்படாமல் பேசுவார், எதிரே இருப்பவர் முடிக்கும்வரை காத்திருப்பார். எமிலியின் நாற்காலியை மேடைக்கு அருகில் கொண்டுவரச் சொல்லி, தானே இறங்கி வந்து அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டார். ஞானதுரை பேச வாய் எடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிக்கணும் சார். அம்மாவுக்குக் குரல் இருக்கும்போது அவங்களுக்காக வேற யாரும் பேசக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. நிறைய வீட்ல இவங்கள மாதிரி இருக்கறவங்க வாய அடச்சிட்டாங்க, அதனால வந்த சட்டம். அம்மா, நீங்க சொல்லுங்க. லைன் அறுந்ததுல உங்களுக்கு நிரந்தரமா ஏதாவது பாதிப்பு உண்டா?"

எமிலி உறுப்பினரையே பார்த்தாள். உதடுகள் அசைந்தன. கழுத்து நரம்பு புடைத்தது.

"ஒரு பாதிப்பும் இல்லம்மா" என்றது குரல். "கொஞ்ச நாள் கஷ்டமா இருந்துச்சு. இப்ப எல்லாம் சரியாயிருச்சு. எல்லாருக்கும் நன்றி."

"அது அவ பேசல" என்றார் ஞானதுரை. "அம்மா, அது அவ இல்ல. மெஷினு தானாப் பேசுது."

"அவர் அப்படித்தான்" என்றது குரல், கொஞ்சம் சிரிப்போடு. "எனக்காக ரொம்பக் கவலப்படுவார். தப்பா எடுத்துக்காதீங்க."

கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்புதான். எமிலியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "இத்தன பேர ஒண்ணாப் பாத்ததுல கண்ணு கலங்குது" என்றது குரல்.

ஹெப்சி எழுந்து மறுகுரல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கத் தொடங்கினாள். மைதிலி பொறுமையாகக் கேட்டார். நிறுவனத்தின் அறிக்கை தன்னிடம் இருப்பதாகவும், அதில் பேச்சு முழுமையாகத் திரும்பிவிட்டது என்று சான்று தந்திருப்பதாகவும் சொன்னார். மேற்குமலையில் வேலை பார்த்த நீங்கள்தானே இரண்டாவது வழித் திட்டத்தைத் தயாரித்தது என்றும் கேட்டார். ஹெப்சி ஆமாம் என்றாள். அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் எடுபடவில்லை.

அப்போதுதான் ஞானதுரை அதைச் செய்தார். எமிலியின் பின்னால் போய், காதுக்குப் பின்னால் இருந்த வில்லையைப் பிய்த்து எடுத்தார்.

எமிலி வாயைத் திறந்தாள். "ப்பா" என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி "ப்பா, ப்பா". முகம் சிவந்து, இடது கையை உறுப்பினரை நோக்கி நீட்டிக்கொண்டு, உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்து, அந்த ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கூட்டம் சிரிப்பை நிறுத்தியது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"பாருங்கம்மா" என்றார் ஞானதுரை. "இதுதான் அவ. இத எழுதிக்குங்க."

மைதிலியின் முகம் மாறிவிட்டிருந்தது. "சார், அத முதல்ல மாட்டுங்க. ஒருத்தர் பேசறப்ப அவங்க குரலப் பிடுங்கறது குற்றம். நான் போலீஸக் கூப்பிட வேண்டியிருக்கும். தயவுசெஞ்சு மாட்டுங்க."

அவர் வில்லையைக் கைக்குள் மூடிக்கொண்டார். மாட்டவில்லை. மண்டபத்தின் ஓரத்தில் நின்ற காவலர் வந்து, "கொடுங்க பெரியவரே" என்று மரியாதையாக வாங்கி, எமிலியின் காதுக்குப் பின்னால் தானே ஒட்டிவிட்டார். ஒலிபெருக்கி ஒரு முறை கரகரத்தது.

"பரவால்லங்க" என்றது குரல். "அவர் வேணும்னு செய்யல. அவர விட்ருங்க."

மைதிலி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு பெருந்தன்மையை நான் பார்த்ததில்லை என்று சொன்னார். நிரந்தரப் பாதிப்பு இல்லை என்று பதிவாயிற்று. இப்போதைய ஏற்பாடே தொடரும் என்று தீர்ப்பாயிற்று. கட்டணம் ஏறாது என்பதால் மண்டபம் கைதட்டியது. கைதட்டியவர்களில் கீழ் எஸ்டேட்டிலிருந்து வந்த அந்தச் சின்னப் பெண்ணின் அம்மாவும் இருந்தாள், பெண் அவள் மடியில் உட்கார்ந்து புதுக் குரலில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. ஹெப்சி அவர்களிடம் போனாள். போய் என்ன சொன்னாள் என்று ஞானதுரைக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா முகம் சுளித்துப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு எழுந்தது மட்டும் தெரிந்தது.

ஞானதுரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். பள்ளிக்கூட வாசலில் சரிவு இருந்தது. வண்டி உருண்டுவிடாமல் இருக்க முன்னால் போய்க் குனிந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது இல்லங்க?" என்றது குரல்.

அவர் நிமிர்வதற்குள் எமிலி இடது கையை மடக்கி அவர் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். முப்பது வருடத்தில் எத்தனையோ முறை வாங்கிய குட்டு, வலித்தது. அவர் அப்படியே சக்கரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். ஊர் முன்னால் வில்லையைப் பிடுங்கியதற்கு அடித்தாளா, இத்தனை நாள் பிடுங்காமல் இருந்ததற்கு அடித்தாளா, மறுபடி ஒட்ட விட்டதற்கு அடித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"எதுக்கு எமிலி?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க" என்றது குரல். "தலையில தூசி."